பின்கண்ணாடி வழியாகப் போன அப்பாவின் மைக்

அன்று விடியற்காலை ஆறு மணிக்கு வாசல் கிரில்லைத் திறந்தபோது பிக்கப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. கதவு நான்கும் பூட்டியே இருந்தன. கண்ணாடி எதுவும் உடையவில்லை. அலாரத்தின் சிவப்பு விளக்கு டேஷ்போர்டில் வழக்கம்போல மின்னிக்கொண்டிருந்தது. சாவியை அழுத்திக் கதவைத் திறந்த பிறகுதான் பின்சீட்டைப் பார்த்தேன்.

மிக்சர் இல்லை. ஒயர்லெஸ் மைக் ரிசீவர் இரண்டும் இல்லை. மைக் பெட்டி இல்லை. ஆம்ப்ளிஃபயர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அரையடி நகர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பின்கண்ணாடியின் நடுவில் நகரும் துண்டு ஒரு கையகலம் திறந்திருந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களுக்கு மைக்செட் போடுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலையில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிவிட்டு மாலையில் சைக்கிளில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போய் ஆரம்பித்தது. இன்று பால்மரம் போய் எங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் ஆடி பிறந்தால் எல்லோரும் பழைய தோட்டத்து மாரியம்மனைத் தேடித்தான் போகிறார்கள். லிந்தாங் பக்கமானாலும் கோலகங்சார் பக்கமானாலும் அங்கே கேட்கும் பாட்டும் அறிவிப்பும் எங்கள் பெட்டியிலிருந்துதான் போகும்.

அந்த மைக் பெட்டியில் அப்பா வாங்கிய ஷூர் எஸ்எம்58 ஒன்று இருந்தது. மேலே இருக்கும் கம்பி வலை நசுங்கி, சாயம் உரிந்து, பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அப்பா இறந்த பிறகு வந்த எல்லாத் திருவிழாவிலும் முதல் அறிவிப்பை அதில்தான் சொல்வேன். திருடியவனுக்கு அது ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) தேறியிருக்குமா தெரியாது.

நடந்தது 2022 ஆடியில். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து இரண்டு வருஷம் திருவிழா ஒழுங்காக நடக்கவில்லை. ஜெனரேட்டரைக்கூட விற்றுச் சாப்பிட வேண்டிய நிலை. அந்த ஆடியில்தான் வரிசையாக வேலை வந்தது. முதல் நாள் ரத ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை. மகன் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். காலையில் இறக்கலாம் என்று சாமான்களை வண்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். மூன்றரை மணி நேரம்தான்.

இந்தப் பின்கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி பழைய டபுள் கேப், அதாவது பின்சீட்டும் நான்கு கதவும் உள்ள பிக்கப். இரண்டாவது கையாக வாங்கியது. முதலில் வைத்திருந்தவர் முழுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடுவில் நகரும் கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். இரண்டு ஓரத்திலும் அசையாத கண்ணாடி, நடுவில் ஒரு துண்டு மட்டும் பக்கவாட்டில் நகரும். அந்தத் திறப்பு பதினாலு அங்குல அகலம். நான் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கண்ணாடிக்காகத்தான். ஊர்வலத்தில் ஆம்ப்ளிஃபயரும் மிக்சரும் மழை படாமல் பின்சீட்டில் இருக்கும். ஒயர்களை அந்தத் திறப்பு வழியாக வெளியே விட்டு, பின்தொட்டியில் நிற்கும் ஸ்பீக்கர்களில் மாட்டுவோம். கதவு இடுக்கில் ஒயரை விட்டு நசுக்க வேண்டியதில்லை. அதனால் பிறகு நண்பர்கள் எல்லாம் "அதை எடுத்துட்டு முழுக் கண்ணாடி போட்டுரு" என்று சொன்னபோது என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கள்ளனுக்குத் திறக்கக்கூடாது, எனக்குத் திறக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைத் தீர்க்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு ஒரு சார்ஜன் வந்து பார்த்தார். கதவுப் பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்தொட்டியில் ஏறிக் குந்தினார். "என்சிக், இங்கே வந்து உட்கார்ந்து பாருங்கள்" என்று மலாயில் கூப்பிட்டார். என்சிக் என்றால் ஐயா. நானும் ஏறிக் குந்தினேன். எனக்கு முன்னால் கேபின் சுவர்போல நின்றது. இரண்டு பக்கமும் தொட்டியின் பலகை என் தோள் வரை இருந்தது. நான் வண்டியை நிறுத்தியிருந்தது, முகம் வீட்டைப் பார்க்க, பின்புறம் விளக்கில்லாத காலி நிலத்தைப் பார்க்க. வீட்டிலிருந்து யார் எட்டிப் பார்த்தாலும் பின்தொட்டியில் குந்தியிருப்பவன் தெரியவே மாட்டான். ஐந்து வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறேன். ஒரு நாள்கூட அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவர் காட்டிய இன்னொன்று, கண்ணாடியின் நடுவில் இருக்கும் பூட்டு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் விளிம்பில் மெல்லிய கீறல். அவ்வளவுதான் சேதம். "ஒல்லியான பையன் ஒருவன் உள்ளே போய் எடுத்துக் கொடுத்திருப்பான். கதவைத் திறந்தால் அலாரம் கத்தும் என்று தெரிந்திருக்கிறது" என்றார். ஆம்ப்ளிஃபயர் ஏன் தப்பித்தது என்று அப்போதுதான் விளங்கியது. இருபது கிலோவுக்கு மேல். தூக்கிப் பார்த்திருக்கிறார்கள், திறப்பில் நுழையவில்லை.

பிறகு அவர் சீரியல் நம்பர் கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. மிக்சர் வாங்கிய பெட்டியை எப்போதோ வீசிவிட்டோம். "நம்பர் இல்லாவிட்டால் கடையில் கண்ணெதிரே இருந்தாலும் உங்களுடையது என்று எப்படிச் சொல்வீர்கள்?" அவர் கடுமையாகக் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது எங்கள் ஒவ்வொரு பெட்டியின் பின்பக்க நம்பரையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் மைக்செட்டின் பெயரை ஊசி மெஷினால் செதுக்கியும் இருக்கிறோம். அடையாள அட்டை (ஐசி) எண்ணைச் செதுக்காதீர்கள். பெட்டி திருடு போனால் அந்த எண்ணும் கூடவே போய்விடும்.

காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோமே என்ற தைரியம் எனக்கு இருந்தது. வாகனக் காப்புறுதி வாகனத்துக்குத்தான். உள்ளே வைத்த சாமானுக்கு இல்லை. கண்ணாடிக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தேன், அதில் கோரினால், இழப்பீடு கோராமல் இருப்பதற்குத் தரும் என்சிடி கழிவும் குறையாது. ஆனால் என் கண்ணாடி உடையவே இல்லையே! ஒரு பிளாஸ்டிக் நாக்குக்காக வண்டிக் காப்புறுதியில் கை வைத்து, வருஷக்கணக்காகச் சேர்த்த 55 விழுக்காடு கழிவை இழப்பதில் அர்த்தமில்லை. தொழில் சாமான் ஏற்றுகிறவர்கள் அந்தச் சாமானுக்கென்று தனிக் காப்புறுதி இருக்கிறதா என்று முகவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நான் சாமான் போன பிறகுதான் கேட்டேன்.

முதலில் நான் செய்தது தப்பு. துணைச்சாமான் கடையில் அதேபோன்ற பூட்டு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கச்சி மகன் வந்தான். கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மாமா, நான் வெளியில இருந்து திறந்து பார்க்கவா?" என்றான். சரி என்றேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை. டக்கென்று ஒரு சத்தம், கண்ணாடி நகர்ந்துவிட்டது.

"மாமா, இது பூட்டே இல்ல லா. ஓடும்போது கண்ணாடி ஆடாம இருக்க வைக்கிற கொக்கி."

அவன் சொன்னதுதான் உண்மை. இரண்டு விளிம்பை ஒட்டவைத்துப் பிடிக்கும் வேலைக்குத்தான் அந்த நாக்கு. காற்றும் மழையும் உள்ளே வராது, குண்டு குழியில் போகும்போது கண்ணாடி தானாகத் திறக்காது. ஒருவன் நின்று நிதானமாக நெம்பினால் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. வெயிலில் வருஷக்கணக்கில் நின்ற பிளாஸ்டிக் இன்னும் மோசம், பிஸ்கட் மாதிரி உடையும். உங்கள் வண்டியில் இப்படிக் கண்ணாடி இருந்தால், ஒரு பகல் நேரத்தில் பூட்டிவிட்டு வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்தி நகர்த்திப் பாருங்கள். எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கை சொல்லிவிடும்.

அடுத்து எல்லோரும் சொல்லும் வழியைச் செய்தேன். கண்ணாடி நகர்ந்து போக வேண்டிய தடத்தில் ஒரு கட்டையை வைத்துவிடுவது. கண்ணாடி மூடியிருக்கும்போது அதன் பக்கத்தில், கேபினுக்கு உள்ளே, கீழ்த்தடம் வெறுமையாக இருக்கும். அந்த நீளத்துக்கு ஒரு கட்டை கிடந்தால், பூட்டு முறிந்தாலும் கண்ணாடிக்கு நகர இடமில்லை. ஒரு துண்டு மட்டும் நகரும் கண்ணாடிக்கு ஒரு கட்டை. நடுவில் இரண்டு துண்டு சந்தித்து ஆளுக்கொரு பக்கம் நகர்வது என்றால் இரண்டு கட்டை வேண்டும். ஒன்றை மட்டும் அடைத்தால் அடுத்தது திறக்கும்.

துடைப்பக் கட்டையை அறுத்து வைத்தேன். எண்ணம் சரி, மரம் தப்பு. நம் ஊர் மழையில் தடத்தில் தண்ணீர் நிற்காமல் இருக்காது. இரண்டு மாதத்தில் கட்டை ஊறிப் பெருத்துப்போனது. தீபாவளிக்கு முன்னால் ஒரு கோயில் ஊர்வலம். ரதம் புறப்பட பத்து நிமிஷம் இருக்கும்போது கட்டையை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் சிராய் சிராயாகக் கொத்தி எடுத்தேன். கோயில் தலைவர் பக்கத்தில் நின்று, "என்னா தம்பி, இன்னும் சத்தம் வரலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று கதவு இடுக்கில்தான் ஒயரை விட்டேன், அதில் ஒன்று நசுங்கி ஒரு ஸ்பீக்கர் பாதி வழியில் ஊமையாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் டவுனில் அலுமினிய ஜன்னல் செய்யும் அண்ணனிடம் போனேன். எங்கள் பழைய தோட்டத்துக்காரர். அப்பாவோடு ஒரே லயத்தில் இருந்தவர். தாமான் வீடுகளுக்கு நகரும் ஜன்னலும் கிரில்லும் போட்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். வண்டிக் கண்ணாடிக்காரரிடம் போகாமல் வீட்டு ஜன்னல்காரரிடம் போனதுதான் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல முடிவு. ஏனென்றால் நகரும் ஜன்னலைக் கள்ளன் எப்படித் திறப்பான் என்பது அவர் தினமும் யோசிக்கும் விஷயம்.

அவர் செய்த முதல் காரியம் எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். அது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழும்பியது. "தம்பி, நீ பக்கவாட்டுல அடைச்சிட்ட. மேல?" என்றார். நகரும் கண்ணாடி எதுவானாலும் மேல்தடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் பொருத்துவார்கள், இல்லாவிட்டால் உள்ளே மாட்டவே முடியாது. அந்த இடைவெளி அதிகமாக இருந்தால் கண்ணாடியைத் தூக்கிக் கீழ்த்தடத்திலிருந்து விலக்கிவிடலாம். கட்டை இருந்தும் பயனில்லை. அவர் மேல்தடத்துக்குள் ஒரு சின்ன நைலான் துண்டைச் செருகினார். கண்ணாடி மூடியிருக்கும்போது மட்டும் அது தலைக்கு மேல் வரும்படி இடம் பார்த்து வைத்தார். இப்போது கண்ணாடி நகர்கிறது, எழும்பவில்லை.

பிறகு தடத்தின் அடியில் இருந்த மூன்று சின்ன ஓட்டைகளைக் காட்டினார். மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்கானவை. மூன்றும் தூசியும் செம்மண்ணும் அடைத்துக் கிடந்தன. "கட்ட ஊறினதுக்கு மழை காரணமில்ல. இதுதான் காரணம்." மெல்லிய கம்பியால் குத்தித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். குபுகுபுவென்று வெளியே வடிந்தது. பின்சீட்டின் முதுகுப்பக்கம் எப்போதும் ஒரு ஈர வாடை அடிக்கும், ஏசி கோளாறு என்று நினைத்திருந்தேன். அதுவும் அன்றோடு நின்றது. தோட்டச் சாலையில் ஓடும் வண்டி என்றால் மாதம் ஒரு முறையாவது இந்த ஓட்டைகளைப் பாருங்கள்.

கட்டைக்குப் பதில் அலுமினியச் சதுரக் குழாய் ஒன்றை அறுத்துக் கொடுத்தார். அளவு எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். தடத்தின் நீளத்தை டேப்பில் ஒரு தடவை, காகிதப் பட்டையை உள்ளே வைத்து மடித்து ஒரு தடவை என்று எடுத்தார். இரண்டு முனைக்கும் ரப்பர் மூடி. மூடியையும் சேர்த்து அளந்து, தடத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக அறுத்தார். அதைவிடக் குறைந்தால் கண்ணாடியில் ஆட்டம் வரும், அந்த ஆட்டம்தான் நெம்புகிறவனுக்குப் பிடிமானம். சரியாகவே அறுத்தால் வெயிலில் இறுகும். குழாயின் நடுவில் ஒரு துளை போட்டுத் துணி நாடா கட்டிவிட்டார். இருட்டில்கூட நாடாவைப் பிடித்து இழுத்தால் குழாய் எழும்பி வந்துவிடும். ரப்பர் மூடி இருப்பதால் ஓடும்போது கடகடவென்ற சத்தமும் இல்லை.

பன்னிரண்டு வெள்ளி சாமான். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "உங்கப்பா என் கல்யாணத்துக்குக் காசு வாங்காம மைக் போட்டாரு" என்றார்.

ஒரு எச்சரிக்கை. சிலர் கண்ணாடியிலேயே துளை போட்டுப் போல்ட் மாட்டலாம் என்று சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. பின்கண்ணாடி அப்படியில்லை, சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய டெம்பர்ட் கண்ணாடி. இறுக்கிய பிறகு அதைத் துளைக்கவோ அறுக்கவோ முடியாது. டிரில் முனை மேல்தோலைத் தாண்டியதும் முழுக் கண்ணாடியும் கல்கண்டுபோல உதிர்ந்துவிடும்.

டிசம்பரில் மறுபடி வந்தார்கள்.

காலையில் பார்த்தபோது புதிய பூட்டின் நாக்கும் முறிந்திருந்தது. ரப்பரில் இந்த முறை ஆழமான வெட்டு. கண்ணாடி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, குழாய் தடத்தில் அப்படியே கிடந்தது. உள்ளே எடுக்க ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டு அண்ணி வந்து, "நல்லவேளை தம்பி" என்றார். எனக்கு நல்லவேளையாகத் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. திரும்பி வந்தார்கள் என்றால் இந்த வண்டியையும் அதில் என்ன ஏற்றுவோம் என்பதையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நகரவில்லை என்றால் அடுத்த முறை உடைப்பார்கள். குழாய் நகர்வதைத் தடுக்கும், உடைப்பதைத் தடுக்காது.

அதனால் மூன்று வேலை செய்தேன். முதலாவது காசில்லாத வேலை: வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். இப்போது பின்தொட்டி எங்கள் ஹாலைப் பார்த்து இருக்கிறது, தெருவிளக்கு நேராக அதில் விழுகிறது. பின்பலகைக்குப் பூட்டும் போட்டேன். பல வண்டிகளில் பின்பலகை சும்மா இழுத்தாலே திறக்கும், படிக்கட்டு வைத்துக் கொடுத்த மாதிரி. பின்தொட்டிக்குக் கூண்டுபோல கேனபி போட்டவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். கேனபியின் பூட்டைத் திறந்துவிட்டால் கள்ளனுக்கு நான்கு பக்கமும் மறைவான ஒரு அறையே கிடைத்துவிடும். உள்ளே இருந்துகொண்டு கண்ணாடியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நோண்டலாம்.

இரண்டாவது, கண்ணாடியின் உள்பக்கம் தடிப்பான பாதுகாப்புப் படலம். சாதாரணக் கறுப்பு டிண்ட் வெயிலுக்கு மட்டும்தான். தடிப்பான படலம் என்றால் கண்ணாடி உடைந்தாலும் தூள் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அடித்தவுடன் கை நுழையாது. இன்னும் அடிக்க வேண்டும், சத்தம் போட வேண்டும். கறுப்பு வகையாகவே ஒட்டினேன். 2019 மே மாதம் விதியைத் தளர்த்தியதிலிருந்து தனியார் வாகனங்களின் பின்கண்ணாடிக்குக் கறுப்பு வரம்பு இல்லை. முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடு வெளிச்சம் போக வேண்டும், அதில் விளையாடக்கூடாது. நகரும் கண்ணாடிக்கு ஒட்டும்போது ஒட்டுகிறவரிடம் நின்று சொல்லுங்கள்: படலத்தின் விளிம்பு ரப்பருக்குள் போகக்கூடாது, ஒரு நூல் உள்ளே தள்ளியே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நகர்த்த நகர்த்த ஓரம் சுருண்டு உரியும். ஒட்டிய பிறகு சில நாள் கண்ணாடியைத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் ஈரம் காய இன்னும் அதிக நாள் ஆகும்.

கறுப்பு ஒட்டினால் குழாய் இருப்பது வெளியே தெரியாதே என்று ஒரு கவலை. அது தெரிய வேண்டும் என்பது என் கருத்து. தெரிந்தால் பூட்டை முறிக்காமலே போவான். ஆகவே குழாயின் மேல், கண்ணாடியைப் பார்க்கும் பக்கத்தில், லோரியில் ஒட்டும் மஞ்சள் மின்னும் பட்டையை ஒட்டினேன். டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது அலாரம். என் அலாரம் கதவு திறந்தால்தான் கத்தும். பின்கண்ணாடி வழியாக யானையே நுழைந்தாலும் அதற்குத் தெரியாது. முதலில் அதிர்வை உணரும் கருவி ஒன்றைச் சேர்த்தேன். பூனை ஏறினால் கத்தியது, இடி இடித்தால் கத்தியது, பண்டிகை வெடிக்கு விடிய விடியக் கத்தியது. தாமானில் ஒருவர்கூடத் திட்டவில்லை, ஆனால் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவும் இல்லை. அதுதான் மோசம். அடிக்கடி பொய் சொல்லும் அலாரத்துக்கு எவரும் எழுந்து வரமாட்டார்கள். கழற்றிவிட்டேன்.

அதற்குப் பதில் வீட்டு ஜன்னல் அலாரத்தில் வைக்கும் காந்த சென்சாரை வைத்தேன். இது நம் தொழில், அதனால் நானே செய்தேன். காந்தத் துண்டு நகரும் கண்ணாடியின் ஓரத்தில், ஒயர் உள்ள துண்டு அசையாத சட்டத்தில். காந்தம் விலகினால் இணைப்பு சேரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கதவு விளக்கின் சுவிட்ச் ஒயரோடு இணைத்துவிட்டால், பின்கண்ணாடி நகர்வதைக் கதவு திறந்ததாகவே அலாரம் எடுத்துக்கொள்ளும். சில வண்டிகளில் கதவு சுவிட்ச் கணினிப் பெட்டிக்குப் போகும், அப்படிப்பட்ட புதிய வண்டிகளில் தெரியாமல் ஒயரை வெட்டாதீர்கள். என் பழைய வண்டியில் ஒரு மணி நேர வேலை, எட்டு வெள்ளி செலவு. கண்ணாடியைத் திறந்து மறந்துவிட்டால் உள்விளக்கு அணையாமல் எரிந்து காட்டிக்கொடுக்கும், அது கூடுதல் லாபம்.

கிரில்லைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் ஆட்களுக்கு எதற்கும் கிரில்தான் மருந்து. அதுவும் போட்டேன், கடைசியாக. கேபினுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் கம்பியில் போல்ட் போட்டுக் கழற்றும்படி. நேராகக் கேபினில் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். தீப்பொறி பட்ட கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும், ரப்பர் உருகும், பெயிண்ட் போன இடத்தில் துரு பிடிக்கும். வளைவுக் கம்பியைக் கழற்றிக் கீழே வைத்து வெல்டிங் செய்து மறுபடி மாட்டினார்கள். வண்டியிலேயே வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். கம்பி இடைவெளி நான்கு அங்குலம். என் ஒயர்களும் பிளக்கும் தாராளமாகப் போகின்றன, ஒரு பையனின் தலை போகாது. போல்ட்டின் நட்டு கேபின் பக்கம், கிரில்லுக்குள் இருக்கிறது. பின்தொட்டியில் நிற்கிறவன் கைக்கு எட்டாது. பின்னால் பார்ப்பது கொஞ்சம் குறைந்தது உண்மை. ரிவர்ஸ் கேமரா இருப்பதால் சமாளிக்கிறேன். கேமரா இல்லாதவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

எனக்குக் கேட்டால், காசு குறைவாக இருப்பவர் கிரில்லையும் படலத்தையும் தள்ளிப் போடலாம். குழாயையும் மேல்தட நைலான் துண்டையும் தள்ளிப் போடக்கூடாது. வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குக் காசே வேண்டாம்.

அப்பாவின் மைக்கை ஈப்போவில் பழைய சாமான் கடைகளில் தேடினேன். கைப்பேசியில் விற்பனைப் படங்களை மாதக்கணக்கில் பார்த்தேன். நசுங்கிய தலையோடு ஒன்று எங்காவது தென்படும் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த ஆடியில் முதல் ஊர்வலம் முடிந்து இரவு ஒன்றே முக்காலுக்கு நாங்கள் வந்தபோது, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு கிரில்லுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஏம்மா இன்னும் தூங்கல?"

"இறக்குங்க. நான் எண்ணுறேன்."

மகன் நாடாவை இழுத்துக் குழாயைப் பார்த்தான், மறுபடி தடத்தில் அழுத்தி வைத்தான். நான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினேன். கை வலித்தது, கண் எரிந்தது. ஒவ்வொரு பெட்டியும் உள்ளே போகப் போக அம்மா விரல் மடக்கினார். மிக்சர், ரிசீவர், ஒயர் பெட்டி இரண்டு, ஸ்டாண்டு பை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். எண்பது வயதை நெருங்குகிறவர், சொன்னால் கேட்பதில்லை.

"ஆறு ஆச்சு. மைக் பெட்டி எங்கய்யா?"

"இந்தா இருக்கு பாட்டி," என்று மகன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"ஏழு," என்றார் அம்மா. எழுந்து கிரில்லைப் பூட்டினார்.